எனெய்தா வளர்த்த ஈரல்

கொலம்பியாவின் பர்ரான்கியாவில் ஒருவருக்கு ஜனவரி மாதத்தில் பைத்தியம் பிடித்தால் கார்னிவல் திருவிழா முடியும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊரே அந்த நிலையில்தான் இருக்கும். அதனால்தான் எங்கள் எதிர்வீட்டு எனெய்தா சாரிஸ் அந்த ஜனவரி முழுக்க ஒரு பூனையின் ஈரலைப் பற்றியே பேசிக்கொண்டும், சில வேளைகளில் அந்த ஈரலோடே பேசிக்கொண்டும் திரிந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனெய்தா கால்நடை மருத்துவம் படித்தவள். ஆனால் மாட்டைக் கண்டால் ஒதுங்கிப் போவாள், குதிரையைக் கண்டால் அடுத்த தெருவுக்கே போய்விடுவாள். அவளுக்கு எல்லாம் பூனைதான், பூனையிலும் ஈரல்தான். படிக்கிற காலத்தில் யாரோ ஒரு புண்ணியவதி, காய்ச்சலில் சுருண்டு கிடந்த பூனைக்கு இரக்கப்பட்டு, மனிதர்கள் விழுங்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டாளாம். பூனை பிழைக்கவில்லை. குழந்தைக்குக்கூடக் கொடுக்கிற மருந்து பூனையை எப்படிக் கொல்லும் என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்த மருந்தைக் கழுவி வெளியே தள்ளுகிற கருவி பூனையின் ஈரலில் சரியாக இல்லை என்றாராம் வாத்தியார். அப்படியானால் அதில் என்னதான் இருக்கிறது என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்குள் நுழைந்தவள் நாற்பது வயது தாண்டியும் வெளியே வரவில்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் பூனை ஈரலின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பதே அவள் வேலை.

வளர்ப்பது என்று சொல்லலாமே தவிர அவை வளரவில்லை. நல்ல ஈரல் செல்லை உடம்பை விட்டு வெளியே எடுத்தால் சில நாட்களிலேயே தான் ஈரல் என்பதை அது மறந்துவிடுமாம். பித்தம் சுரப்பதை விட்டு, தட்டையாகப் படுத்து, வேலை போன ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும். இதை எனெய்தா சோகமாகச் சொல்ல மாட்டாள். முட்டை அடைத்துப் பொரித்த அரேப்பா என்ற சோள அடையை வாயில் வைத்துக்கொண்டே, "இந்த வாரமும் எல்லாம் சோம்பேறியாப் போச்சு நூபியா" என்பாள். நூபியா நான்தான். எங்கள் ஆட்டக் குழுவுக்குக் கார்னிவல் உடைகள் தைக்கிறவள். எனெய்தா அந்தக் குழுவில் முன்வரிசை ஆட்டக்காரி.

அதே குழுவுக்குப் பெரிய மேளம் அடிப்பவர் வில்ஃப்ரிதோ பெர்த்துஸ், தெருமுனை வீட்டுக்காரர். மேளத்தைவிட அவர் வாய் சத்தம். மனைவி மக்கள் இல்லை. இருந்ததெல்லாம் புட்டிஃபாரா என்ற ஒரு கிழட்டுப் பெட்டைப் பூனை. புட்டிஃபாரா என்பது எங்கள் ஊரில் சரம் சரமாக விற்கும் உருண்டை இறைச்சிப் பண்டம். குட்டியாக இருந்தபோது ஒரு முழுச் சரத்தை வண்டியிலிருந்து உருவிக்கொண்டு ஓடியதால் அந்தப் பெயர்.

டிசம்பரில் புட்டிஃபாராவின் வயிறு பெருக்கத் தொடங்கியது. வில்ஃப்ரிதோ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து, தான் தாத்தாவாகப் போவதாக அறிவித்தார். இந்த வயதிலா என்று கேட்டவர்களிடம், பெர்த்துஸ் வீட்டு ரத்தம் அப்படி என்றார். பூனைக்கும் பெர்த்துஸ் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அளவுக்குத் தெருவில் யாருக்கும் பொறுமை இல்லை. எத்தனை குட்டி என்று பந்தயம் கட்டினோம். தோற்றவர்கள் தெருவுக்கே துவரை சூப் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுவருஷம் பிறந்ததும் அவர் வீட்டில் வளைகாப்பு மாதிரி ஒரு விருந்தே நடந்தது. நான் பட்டுத் துணியில் குட்டிகளுக்குச் சின்னச் சின்னத் தொப்பிகள் தைத்துக் கொண்டுபோனேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. தொப்பிகள் நன்றாக வந்திருந்தன.

எனெய்தா விடுமுறைக்குச் சாந்தா மார்த்தாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவள், பையோடு நேராக அந்த விருந்துக்கு வந்தாள். எல்லோரையும் போலப் புட்டிஃபாராவை மடியில் வாங்கிக்கொண்டு வயிற்றைத் தடவினாள். பிறகு விரல்களை விலா எலும்புக்குக் கீழே வைத்து மெதுவாக அழுத்தினாள். பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் கால்கள் நின்றதை நான் பார்த்தேன்.

"வில்ஃப்ரிதோ, இது குட்டி இல்ல."

"குட்டி இல்லாம பின்ன என்ன, பலூனா?"

"ஈரல்ல கட்டி இருக்குற மாதிரி தெரியுது. நாளைக்கே படம் எடுத்துப் பாக்கணும்."

வில்ஃப்ரிதோ பூனையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"என் வீட்டுல என் கேக்கத் தின்னுட்டு என் பொண்ணுக்கே கட்டின்னு சொல்றியா? உனக்குப் பொறாமை டாக்டரம்மா."

"பொறாமைதான். எனக்கும் அவள மாதிரி நாள் பூரா தூங்கணும்னு இருக்கு. ஆனா கட்டி கட்டிதான்."

அன்றோடு வில்ஃப்ரிதோ அவளிடம் பேசுவதை நிறுத்தினார். ஒத்திகையில் அவள் வலது பக்கம் ஆடினால் இவர் மேளத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்வார். எனெய்தா அதையும் ஒரு ஆட்டமாக எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

ஆனால் புட்டிஃபாரா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மீனை முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். தன் பெயருள்ள பண்டத்தையே மூக்கருகில் நீட்டியும் தலையைத் திருப்பிக்கொண்டாள். வில்ஃப்ரிதோவின் வீட்டிலிருந்து மேளச் சத்தம் வரவில்லை என்றதும் நான் போய்ப் பார்த்தேன், பார்த்ததை எனெய்தாவிடம் சொன்னேன். அவள் ஈரத் தலையோடு தெருவைத் தாண்டி, கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"பூனை பட்டினி கெடந்தா உடம்புல இருக்குற கொழுப்பு பூரா ஈரலுக்குள்ள போய் அடச்சுக்கும். கட்டி கொல்றதுக்கு முந்தி பட்டினி கொன்னுடும். சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், கூடைய எடு."

கூடை எதுவும் இல்லை. வில்ஃப்ரிதோ அங்குமிங்கும் ஓடினார். கடைசியில், தோல் கட்டாமல் கிடந்த மேள உருளை ஒன்றுக்குள் துண்டை விரித்து, பூனையை அதற்குள் வைத்து, இரண்டு பக்கமும் எங்கள் கை தாங்க டாக்ஸியில் ஏறினோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மேளம் ஏன் கத்துகிறது என்று கேட்டார். கார்னிவல் வருகிறது அல்லவா என்று எனெய்தா சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கால்நடை மருத்துவமனையில் எடுத்த படத்தில் கட்டி தெரிந்தது. ஈரலின் இடது மடலில், ஒரு மாம்பழம் அளவுக்கு. கால்நடை அறுவை மருத்துவர் லஸ்காரியோ ஓங்கி வளர்ந்த, அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டிய இடத்தில் முனகலாக ஏதாவது பாட்டை இழுப்பார். அன்று பாட்டை நிறுத்திவிட்டு, கட்டி ஒரே மடலில்தான் இருக்கிறது, மற்ற மடல்கள் சுத்தமாகத் தெரிகின்றன, அந்த மடலையே வெட்டி எடுத்துவிடலாம் என்றார். வயதான பூனை, ரத்தம் அதிகம் போகலாம், மேசையிலேயே போய்விடவும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

வில்ஃப்ரிதோ அவரை விட்டுவிட்டு எனெய்தாவைப் பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அவளிடம் வாயைத் திறந்தார்.

"அவ்ளோ வெட்டிட்டா மிச்சம் ஈரல் போதுமா?"

"போதும். மிச்சம் இருக்குறது பெருத்து அந்த எடத்த நெரப்பிக்கும். உடம்புலயே அவ்வளவு ரோஷமுள்ளது ஈரல்தான்."

"நீயா இருந்தா என்ன செய்வ?"

"நான் வெட்டச் சொல்லுவேன். வெளிய உக்காந்து நகத்தக் கடிப்பேன்."

முதலில் மூக்கில் குழாய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உணவு ஏற்றிப் பூனையைத் தேற்றினார்கள். பிறகு அறுவை. நாங்கள் வெளியே உட்கார்ந்தோம். வில்ஃப்ரிதோவுக்கு நகம் கடிக்கத் தெரியாது. தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அது மெல்ல மெல்ல நாற்காலிக்குப் பரவி, சுவருக்குப் பரவி, அங்கே காத்திருந்த நாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஊளையிட்டன. ஒரு கிளியும் சேர்ந்துகொண்டது. லஸ்காரியோ ரத்தக் கையுறையோடு எட்டிப் பார்த்தபோது, திட்டப்போகிறார் என்று நினைத்து எல்லோரும் அடங்கினோம். தாளம் கொஞ்சம் மெதுவாக இருந்தால் தைப்பதற்கு வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் பூனை உயிரோடு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது.

கட்டி புற்றுதான். பூனைகளுக்கு ஈரலில் வரும் கட்டிகளில் பித்தக் குழாயில் முளைப்பவையே அதிகமாம். இது ஈரல் செல்லிலேயே முளைத்த வகை. ஆனால் வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தது. எனெய்தா இதைச் சொல்லிவிட்டு, வெட்டி எடுத்ததில் இரண்டு துண்டு தனக்குத் தருவாரா என்று வில்ஃப்ரிதோவிடம் அனுமதி கேட்டாள். கட்டியிலிருந்து ஒன்று, ஓரத்து நல்ல ஈரலிலிருந்து ஒன்று.

"வளக்கப் போறியா?"

"வளந்தா வளக்குறேன்."

"அப்ப பேரு வைக்கணும். நல்லதுக்கு ராணின்னு வையி. கெட்டதுக்கு மச்சான்னு வையி."

அவருடைய அக்கா புருஷனான மச்சான் எஃப்ராயின் ஒரு வாரம் தங்குவதாக வந்து பல வருஷம் தங்கி, வீட்டுக் குளிர்பெட்டியைக் காலி செய்தவன். பெயர் பொருத்தமாக அமைந்தது. மச்சான் செல்கள் எந்தத் தட்டில் விட்டாலும் பெருகின. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இடம் போதவில்லை என்று எனெய்தா வேறு குப்பிக்கு மாற்றினால் அதையும் நிரப்பின. தெருவில் எல்லோரும், ராணி எப்படி இருக்கிறாள், மச்சான் இன்னும் தின்கிறானா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ராணிதான் சந்தேகம். எலியின் ஈரல் செல்லை இரண்டு கூழ் அடுக்குக்கு நடுவில் வைத்தால் அது தன் குணத்தை மறப்பதில்லை என்று வேறு ஊர்களில் கண்டிருந்தார்கள். எனெய்தா பூனையில் அதைச் செய்துபார்த்து, கூழ் காய்ந்தும் கிழிந்தும் போய்த் தோற்றிருந்தாள். இந்த முறை கூழைப் பலவிதமாகக் கலந்து பார்த்து, மெல்லியதாக ஊற்றினாள்.

"மேலயும் கீழயும் மெத்த இருந்தாத்தான் நூபியா, எந்தப் பக்கம் ரத்தம், எந்தப் பக்கம் பித்தம்னு அதுக்குத் தெசை புரியும். இல்லன்னா பாவம், அது எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியாது."

தினமும் பழைய தீனித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியது விட வேண்டும். விடும்போது அவற்றோடு பேசுவாள். ஒத்திகைக்கு வந்தால் எங்களிடம் அவற்றைப் பற்றிப் பேசுவாள்.

கார்னிவல் சனிக்கிழமை, பூப்போர் ஊர்வலம். வெயிலில் தெருவே உருகிக்கொண்டிருந்தது. எங்கள் குழு மரிமோந்தா வேஷம். தும்பிக்கை மாதிரி மூக்கும் முறம் மாதிரிக் காதும் வைத்த முகமூடி, உள்பக்கம் வெளியே தெரியத் தைத்த கோட்டு, கோணலாகத் தொங்கும் கழுத்துப்பட்டை. எல்லாம் நான் தைத்தது. எனெய்தாவின் தும்பிக்கை ஆட்டத்தில் அறுந்து விழக்கூடும் என்பதால் ஊசி நூலோடு அவள் பக்கத்திலேயே நடந்தேன். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்யும் ஆர்னுல்ஃபோ அன்றைக்குச் செல்களைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்ததால் எனெய்தா கவலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஊர்வலம் ஒரு இடத்தில் நின்றது. அந்த இடைவெளியில் நான் அவள் தும்பிக்கையைத் தைக்கத் தொடங்கினேன். எங்களுக்கு முன்னால் போன போர்வீரர் குழுவில் பூக்கள் குவிந்த ராட்சசத் தலைப்பாகையோடு ஒருவன் திரும்பினான். ஆர்னுல்ஃபோ.

எனெய்தா முகமூடியைத் தூக்கினாள். "நீ இங்க என்னடா பண்ற? ராணிக்கு யாரு தீனி போட்டா?"

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் டாக்டர்."

அவள் அவனைத் திட்டவில்லை. தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்து ஓடினாள். ஊசி அவள் தும்பிக்கையில் குத்தியபடியே இருந்தது, நூல் என் கையில். ஆகவே நானும் ஓடினேன். வழியெல்லாம் ஜனங்கள் எங்களைக் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள், இதுவும் வேஷத்தில் சேர்ந்தது என்று. ஒவ்வொரு முனையிலும் யாராவது முகத்தில் சோளமாவை அள்ளி வீசினார்கள்.

ஆய்வுக்கூட வாசலில் காவலர் உபால்தோ, வெள்ளை மாவு பூசிய இரண்டு முகங்களைப் பார்த்துக் கதவைத் திறக்க மறுத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். இன்றைக்கு எல்லோரும் டாக்டர் எனெய்தா என்றுதான் சொல்வார்கள் என்றார். பிறகு தாடையைச் சொறிந்து ஒரு பரீட்சை வைத்தார்.

"பூனை பேரு என்ன?"

"புட்டிஃபாரா."

"உள்ள நல்லவ யாரு?"

"ராணி."

"மச்சான் யாரு வீட்டுல சாப்ட்டான்?"

"வில்ஃப்ரிதோ வீட்டுல. தொறய்யா, கும்புடுறேன்."

திறந்தார். எனெய்தா முழங்கை வரை தேய்த்துக் கழுவி, மரிமோந்தா கோட்டின் மேல் வெள்ளைக் கோட்டை மாட்டினாள். ராணியின் தட்டை வெளியே எடுத்துப் பழையதை உறிஞ்சிப் புதியதை விட்டாள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. செத்துவிட்டதோ என்று எனக்குப் பயம். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது அவள் தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்து பாரு."

பார்த்தேன். தரையில் நெருக்கமாகப் பதித்த கல் மாதிரி வரிசை வரிசையாகச் செல்கள். சிலவற்றுக்குள் இரட்டைக் கரு முட்டை போல இரண்டு உருண்டை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே பளிச்சென்று மெல்லிய கோடுகள், ஒன்றோடொன்று சேர்ந்து கிளைத்து, உச்சி வெயிலில் மேலிருந்து பார்த்த வாய்க்கால்கள் மாதிரி.

"அந்தக் கோடெல்லாம் பித்தம் ஓடுற வழி. நேத்து வரைக்கும் இல்ல. இவ்வளவு நாள் ஆயும் இதுக்குத் தான் யாருன்னு ஞாபகம் இருக்கு நூபியா."

சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தாள். மேளம் இல்லை, இடம் இல்லை, இரண்டு பக்கமும் கண்ணாடிச் சாமான். இடுப்பை மட்டும் அசைத்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, எதையும் தட்டாமல் ஆடினாள். நானும் ஆடினேன். கதவுக் கண்ணாடி வழியாக உபால்தோ பார்த்துவிட்டு அவரும் வெளியே இரண்டு அடி போட்டார். மச்சானையும் ஒருமுறை பார்த்தோம். ஏறி மிதித்து நெரிசலாகக் கிடந்தான்.

"இவனுக்குச் சனிக்கெழம மட்டுந்தான் தெரியும். கார்னிவல முடிச்சு வைக்கச் சாம்பல் புதன் ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கல" என்றாள் எனெய்தா, அவனுக்கும் தீனி விட்டபடி.

ஊர்வலத்தின் வாலைப் பிடித்துவிட்டோம். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்து அப்படியே ஆடினாள்.

கார்னிவல் முடிந்து ஊர் தலைவலியிலிருந்து தெளிந்த பிறகு புட்டிஃபாராவுக்கு மறுபடி படம் எடுத்தார்கள். வெட்டிய வெற்றிடத்தை மிச்ச மடல்கள் பெருத்து நிரப்பியிருந்தன. லஸ்காரியோ படத்தைக் காட்டியபோது வில்ஃப்ரிதோ அவரைத் தூக்க முயன்றார். உயரம் காரணமாக இடுப்பைக் கட்டிக்கொள்ளத்தான் முடிந்தது. எனெய்தாவிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதற்குப் பதிலாக அடுத்த வருஷம் குழு என்ன வேஷம் போட வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டதாக அறிவித்தார். நாங்கள் ஈரலாக வேண்டும்.

என் தொழில் வாழ்க்கையில் ஈரல் தைத்ததில்லை. எனெய்தா படம் வரைந்து காட்டினாள். ஆறு மூலையுள்ள இளஞ்சிவப்பு உடை, நெஞ்சில் இரண்டு மஞ்சள் உருண்டை, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே பச்சைப் பட்டு நாடா, அதுதான் பித்தம். வரிசை கலையாமல், நாடா அறுபடாமல் ஆட வேண்டும். மச்சானாக யார் என்ற கேள்விக்கே இடமில்லை. வில்ஃப்ரிதோ மேளத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஊதா உடையில் புற்றாக வந்தார். லஸ்காரியோ ஆளுயர அட்டைக் கத்தியோடு, பாட்டு முனகிக்கொண்டே பின்னால் வந்தார்.

அடுத்த வருஷ ஊர்வலத்தில் ஜனங்கள் எங்களைப் பொரித்த முட்டை என்று நினைத்தார்கள். "முட்டைங்க வருது பாரு" என்று மேடைக்கு மேடை குரல். எனெய்தா ஒவ்வொரு மேடைக்கும் ஓடிப்போய், நாங்கள் பூனையின் ஈரல் என்று விளக்கினாள். அதன்பின் பூனையின் ஈரலுக்கு ஏகக் கைதட்டல்.

கதைப்படி வில்ஃப்ரிதோ வரிசைக்குள் முட்டிமோத வேண்டும், மூன்றாவது பாட்டில் லஸ்காரியோ அவரை வெட்டி வெளியேற்ற வேண்டும். மூன்றாவது பாட்டு வந்தது. வில்ஃப்ரிதோ வெளியேறத் தயாராக இல்லை. கைதட்டல் அவர் தலைக்கு ஏறிவிட்டது. கத்தியைத் தாவித் தப்பி, முன்னால் போன கரும்பு வெட்டிகள் குழுவுக்குள் புகுந்து, அங்கிருந்து அழகுராணியின் தேரைச் சுற்றி ஓடினார்.

"டாக்டர், பரவுறான், புடிங்க!" என்று எனெய்தா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

லஸ்காரியோ நீளக் கால்களால் தாவிப் போய் அவரைத் தேருக்கு அடியிலிருந்து இழுத்துவந்தார். அதற்குள் அவரைத் துரத்தி எங்கள் ஆட்கள் சிலரும் சிதறியதில் வரிசையில் பெரிய ஓட்டை. நான் மிச்சத் துணியில் தைத்து வைத்திருந்த உடைகளை, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு மாட்டிவிட்டு உள்ளே தள்ளினேன். ஒரு ஐஸ்காரர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்து என்ன நடக்கிறது என்றே புரியாத ஒரு தம்பதி. பச்சை நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எனெய்தா ஆடிக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

"நூபியா, இது தப்பு. ஈரல் வெளியாளச் சேத்துக்காது. உள்ள இருக்குறதுதான் பெருகும்."

"அப்ப அவங்கள வெளிய அனுப்பவா?"

ஐஸ்காரர் இடுப்பை வெட்டி வெட்டி ஆடுவதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாம், விடு" என்றாள்.

புட்டிஃபாரா அதற்குப் பிறகும் இன்னொரு கார்னிவலைப் பார்த்தாள். கடைசியில் சிறுநீரகம் தளர்ந்து, வில்ஃப்ரிதோவின் கட்டிலில், மதியத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். கிழப் பூனைகளுக்குச் சிறுநீரகம் போவது சகஜம் என்று எனெய்தா சொன்னாள். அவர் தெருவே கேட்க அழுதார், எனெய்தா பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். ராணியைப் போல இப்போது அவள் ஆய்வுக்கூடத்தில் வேறு பூனைகளின் ஈரலும் நினைவு தப்பாமல் வாழ்கிறது. எந்த மருந்து பூனைக்கு ஆகும், எது ஆகாது என்று அவற்றில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கிறாள். மச்சான் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறான். வேறு ஊர்க்காரர்கள்கூட அவனைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

அழுது முடித்த வில்ஃப்ரிதோ என் வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வருஷம் குழு முழுக்கச் சிறுநீரகமாக வர வேண்டும் என்றார். சிவப்பு வெல்வெட் வாங்கி வெட்ட ஆரம்பித்திருக்கிறேன். ஈரல் பரவாயில்லை, நேர்க்கோடு. சிறுநீரகத்தில் வளைவு அதிகம், துணி இழுத்துக்கொண்டு போகிறது.